சக்கரத்தின் பின்னே ஒரு ரப்பர்த் திரை

திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஓடும் வாகனங்களை நின்று கவனித்தால், ஜல்லியும் மணலும் ஏற்றிய டிப்பர் லாரி முதல் மில் தொழிலாளியின் மோட்டார் சைக்கிள் வரையில் பெரும்பாலானவற்றில் சக்கரத்துக்குப் பின்னால் மட் ஃபிளாப் என்னும் ஒரு ரப்பர்த் துண்டு தொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். எப்போதாவது அவ்வழியே சீறிச் செல்லும் ஸ்போர்ட்ஸ் காரிலோ, வடிவத்தின் சௌந்தரியம் குலைந்துவிடும் என்ற அச்சத்தினால், அந்தத் துண்டு இருப்பது அபூர்வம். எந்த வாகனத்துக்கு மட் ஃபிளாப் மிகவும் அவசியமோ, அந்த வாகனமே அதைத் துறந்து ஓடுகிறது என்பதுதான் பௌதிக சாஸ்திரம் நமக்குச் சொல்லும் செய்தி.

டயரின் பள்ளத்தில் சிக்கிய ஒரு சிறு கல்லை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தோடு அது சுழலும்போது, அதைப் பள்ளத்திலேயே பிடித்துவைக்கத் தேவைப்படும் விசை அக்கல்லின் எடையைப் போல் 200 மடங்குக்கும் அதிகம். 5 கிராம் கல்லுக்கு ஒரு கிலோ எடைக்குச் சமமான பிடி வேண்டும். ரப்பரால் அவ்வளவு பிடிக்க முடியாத கணத்தில், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல அது தொடுகோட்டின் வழியே பறந்துவிடுகிறது. காரிலிருந்து நோக்கினால், அக்கல் பின்னோக்கிப் பாயும் வேகம் காரின் வேகமேதான். ஆகையால் அது உடலின் எந்தப் பகுதியில் மோதினாலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகத்திலேயே மோதுகிறது. வேகம் இரு மடங்கானால் அடியின் சக்தி நான்கு மடங்காகும் என்னும் விதியை நினைவிற்கொண்டால், ஊருக்குள் 45-இல் செல்லும்போது வராத சேதம் புறவழிச் சாலையில் வருவதன் காரணம் விளங்கும்.

சாதாரணக் காரைவிட ஸ்போர்ட்ஸ் கார் இதில் அதிகம் துன்புறுவதற்கு அதன் அமைப்பே காரணம். சாலையைக் கவ்வுவதற்காக அதன் டயர்கள் அகலமாகவும் மிருதுவான ரப்பரினாலும் செய்யப்படுகின்றன. மிருதுவான ரப்பர் சூடேறியதும் சிறு கற்களை எளிதில் பொறுக்கிக்கொள்கிறது. உடலோ முன்சக்கரத்துக்குப் பின் இடைபோல ஒடுங்கி, பின்சக்கரத்தருகே மீண்டும் அகன்று புடைக்கிறது. முன்சக்கரம் எறியும் கற்களுக்கு அந்தப் புடைப்பு நேர் இலக்காக நிற்கிறது. இவற்றோடு நம் பக்கத்துக் கரிசல் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. அம்மண்ணில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் நீரைத் தன் அடுக்குகளுக்கிடையே உறிஞ்சி உப்பிப் பசைபோல் ஆகிவிடும். மழைக்காலத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் சாலையில் உதிர்த்துவிட்டுப் போகும் கரிசல் கட்டிகள், டிப்பரிலிருந்து சிந்திய ஜல்லியோடு கலந்து, டயரின் பள்ளங்களை அடைத்துக்கொள்கின்றன.

இவ்வளவையும் தாங்கவேண்டிய வர்ணப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அதற்குள்ளேயே மின்சாரத்தின் உதவியால் படியவைத்த அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், பின்பு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பைத் தரும் கிளியர் கோட் என அடுக்குகள் இருக்கின்றன. கல் மோதும்போது எழும் அதிர்ச்சி இவ்வடுக்குகளைப் பிரித்து, ஒரு செதிலைப் பெயர்த்துவிடுகிறது. கடுகளவே உள்ள அந்தக் காயம் இரும்பு வரையில் இறங்கிவிட்டால், பூச்சின் விளிம்புக்கு அடியில் ஒதுங்கும் ஈரத்தில் பிராணவாயு குறைந்து, அவ்விடத்து இரும்பு மேலும் மேலும் கரைந்து, துரு வெளியே தெரியாமலே பரவுகிறது. துத்தநாகம் பூசிய தகடாயின் இது தாமதப்படும். அலுமினியமாயின் செந்துரு வராது. ஆனால் பூச்சு பெயர்வதை இரண்டும் தடுப்பதில்லை. கார் உற்பத்தியாளர்கள் அழுத்திய காற்றினால் சரளையை வர்ணம் பூசிய தகட்டின்மீது வீசி, விழும் வடுக்களை எண்ணித் தரம் பிரிக்கும் பரிசோதனையையே வைத்திருக்கிறார்கள் என்றால், இது எத்துணை முக்கியமான பிரச்சினை என்பது புலனாகும்.

மட் ஃபிளாப் இதை எவ்வாறு தடுக்கிறது? அதன் சூட்சுமம் கீழ் விளிம்பின் உயரத்தில் இருக்கிறது. சக்கரத்தின் மையத்திலிருந்து 35 சென்டிமீட்டர் பின்னால் தொங்கும் துண்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஏறக்குறைய 18 பாகைக்கு மேல் எழும்பும் கற்களையெல்லாம் அது மறித்துவிடும். அதற்குக் கீழாகத் தப்பும் கல், 2 மீட்டர் பின்னால் செல்வதற்குள் 60 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமான உயரத்தை எட்டிப் பின்சக்கர வளைவைத் தாக்கக்கூடும். விளிம்பை 5 சென்டிமீட்டருக்குத் தாழ்த்தினாலோ, தப்பும் கல் 30 சென்டிமீட்டர் அளவே உயரும். தாக்குதல் கீழ்விளிம்போடு நின்றுவிடும். இத்தனை தாழ்வாகத் தொங்கும் துண்டு, 10 சென்டிமீட்டர் உயரமுள்ள நம் வேகத்தடைகளில் உரசாமல் இராது. ஆதலால் அது மடங்கி மீளும் ரப்பராகவோ பாலியூரிதேனாகவோ இருத்தல் வேண்டும். நெகிழும் பொருள் கல்லின் மோதலைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பி, அதன் விசையைக் குறைத்துக் கீழே விழச் செய்யும் என்பது மற்றொரு லாபம்.

பொருத்தும் முறையிலும் கவனம் தேவை. தகட்டில் புதிதாகத் துளையிட்டால், வர்ணத்தைக் காக்கப் போய்த் துருவுக்கு நாமே வாசல் திறந்தவர்களாவோம். சக்கர வளைவின் உள்ளே பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருக்கும் திருகுகளையே பயன்படுத்தும்படி பட்டறைக்காரரிடம் சொல்லவேண்டும். துண்டுக்கும் உடலுக்கும் நடுவே சிக்கும் மணல், அதிர்வினால் உப்புத்தாளாக மாறி வர்ணத்தைத் தேய்க்கும். எனவே அவ்விடத்தில் முதலில் ஒரு பாதுகாப்புப் படலம் ஒட்டிக்கொள்வதும், மழைக்குப் பின் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் நலம். சக்கரத்தை இரு புறமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்கவேண்டும்.

அழகு கெடும் என்று தயங்குவோர் பந்தய உலகத்தை நோக்கட்டும். 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்துப் பழைய விமானத்தளத்தின் ஓடுபாதையில் நடத்திய பந்தயங்களில் கார்களுக்கு இத்துண்டு தேவைப்படவில்லை. ஆனால் சரளைப் பாதையில் ஓடும் ராலி கார்கள் நான்கு சக்கரங்களிலும் அகலமான மட் ஃபிளாப்புகளைப் பெருமையோடு அணிந்து நிற்கின்றன. பாதைக்கேற்ற கவசமே வாகனத்துக்கு அழகு.

நம் காரின் வர்ணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் சக்கரத்திலிருந்து 18 பாகையில் விடுபட்ட கல், தரையிலிருந்து பார்க்குங்கால் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் மேலெழுந்து 3 மீட்டர் உயரம்வரை செல்லக்கூடியது. முன்னோக்கி அதற்கு வேகம் மிகக் குறைவாதலால், பின்னால் காரின் அதே வேகத்தில் வருபவர் ஏறக்குறைய அசையாது நிற்கும் கல்லின்மீது தம் முழு வேகத்தோடு மோதுகிறார். காரில் வருபவருக்கு உடைவது கண்ணாடி, மோட்டார் சைக்கிளில் வருபவருக்கோ முகம். ஆகவே, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் அன்பர்கள் ஐப்பசி அடைமழை தொடங்குமுன் நான்கு சக்கரங்களுக்கும் இந்த ரப்பர்த் துண்டுகளைப் பொருத்திக்கொள்வார்களாக; தம் உடைமையைக் காப்பதும் பின்னால் வருபவரைக் காப்பதும் ஒரே காரியத்தில் நிறைவேறிவிடும்.