வாடகைக் காருக்கும் ஏலம் கேட்கலாம்!

சரக்குக் கொள்முதலுக்கு வெளியூர் போவது நம் தொழிலில் தவிர்க்க முடியாதது. சென்னை, சேலம் செவ்வாய்ப்பேட்டை, பெங்களூர் யஷ்வந்த்பூர் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கிளம்ப வேண்டியிருக்கிறது. பருப்பு மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிற நாம், வாடகைக் கார்க்காரர் சொன்ன தொகையை மட்டும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

காருக்கு ஏலம் கேட்பது புதிய சங்கதியல்ல. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு பிரைஸ்லைன் என்ற நிறுவனம் இணையத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. “உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்” என்பதுதான் அது. விமான டிக்கெட்டில் ஆரம்பித்து ஓட்டல் அறை, வாடகைக் கார் வரை போனது. வாடிக்கையாளர் ஊரையும் தேதியையும் தொகையையும் எழுதி, கடன் அட்டை எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். ஏதாவது ஒரு கம்பெனி அந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் பணம் உடனே பிடிக்கப்படும். எந்தக் கம்பெனியின் கார் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். வேண்டாம் என்றால் பணம் திரும்பாது. இத்தனை கெடுபிடி இருந்தும் மக்கள் போனார்கள், காரணம் விலை. நிறுத்தி வைத்திருக்கிற கார் அன்றைக்கு ஓடாவிட்டால் அன்றைய வாடகை போனது போனதுதான். சாயங்காலம் மிஞ்சிய தக்காளியைக் கூறு கட்டி விற்கிற நமக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 2016இல் விமான டிக்கெட்டுக்கும், பிறகு காருக்கும் அந்த நிறுவனம் இந்த முறையைக் கைவிட்டுவிட்டது.

ஆனால் முறை சாகவில்லை. ரஷ்யாவில் சைபீரியாப் பகுதியிலுள்ள யாகுட்ஸ்க் நகரில் 2012 இறுதியில் கடுங்குளிர் நாளில் டாக்சிக்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். கோபப்பட்ட ஊர் மக்கள் இணையத்தில் குழு சேர்ந்து, “இங்கிருந்து அங்கே போக வேண்டும், இவ்வளவு தருகிறேன்” என்று எழுத, இஷ்டப்பட்ட ஓட்டுநர்கள் வந்து ஏற்றிச் சென்றார்கள். இதுவே இன்டிரைவ் என்ற கம்பெனியாக வளர்ந்து இப்போது இந்தியாவிலும் ஓடுகிறது. நாம் ஒரு தொகை சொல்லலாம். ஓட்டுநர் ஒப்புக்கொள்ளலாம், கூட்டியும் கேட்கலாம். பலர் கேட்டால் வண்டியையும் ஓட்டுநருக்குப் பிறர் கொடுத்த மதிப்பெண்ணையும் பார்த்து நாம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற டாக்சி ஆப்களில் விலையைக் கம்பெனியே போடுகிறது. கூட்ட நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வரை வாங்க 2025 ஜூலையில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது.

பெரிய நகரத்தில் ஏலம் கேட்க ஆள் இருக்கும், நம் திருவண்ணாமலையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்துப் பேர் கேட்டால்தான் அது ஏலம். ஆனால் நம் ஊருக்கென்று ஒரு வசதி இருக்கிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தரிசனத்துக்கு வருகிறவர்களில் பலர் ‘டிராப் டாக்சி’யில் ஒரு வழிக்கு மட்டும் பேசி வந்து இறங்குகிறார்கள். இறக்கிவிட்ட கார் காலியாகத் திரும்ப வேண்டும். ஓட்டுநர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப் குழு வைத்து, ‘ரிட்டர்ன் காலி’ என்று செய்தி போட்டுத் திரும்பும் சவாரி தேடுகிறார்கள். டீசல் செலவு எப்படியும் ஆகப்போகிற அந்த வண்டிக்கு நாம் சொல்லும் தொகை பெரும்பாலும் லாபம். நமக்குத் தெரிந்த இரண்டு மூன்று ஓட்டுநர்களிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் குழுவில் போட்டுக் கேட்டுச் சொல்வார்கள்.

இதில் நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். பௌர்ணமிக்குக் கூட்டம் ஊருக்குள் வரும்போது வெளியே போகிற வண்டி மலிவு. கிரிவலம் முடிந்து கூட்டம் கிளம்பும் காலையில் வெளியே போக விலை ஏறும், ஊருக்குள் வர இறங்கும். கூட்டத்துக்கு எதிர்த் திசையில் போகிறவனுக்கே மிச்சம். (பௌர்ணமியன்று கடையை விட்டு யார் போவார்கள் என்பது வேறு விஷயம்! போக வேண்டிய பங்காளியை அனுப்பலாம்.) கார்த்திகை தீபத்துக்கு இந்தக் கணக்கு எடுபடாது. அந்த நாட்களில் ஏலம் கேட்பது வண்டிக்காரர்கள், நாம் அல்ல.

இனி கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சென்னைக்கு ஒரு வழி சுமார் 200 கிலோமீட்டர். உதாரணத்துக்குப் போய்வர கிலோமீட்டருக்கு 12 ரூபாய், ஒரு வழிக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றே திரும்பினால் 400 கிலோமீட்டருக்கு ரூ.4,800, ஓட்டுநர் பேட்டா ரூ.500, ஆக ரூ.5,300. அதே பயணத்தை இரண்டு டிராப்பாகப் பேசினால், ஒவ்வொன்றுக்கும் ரூ.2,800, பேட்டா ரூ.400 என்று மொத்தம் ரூ.6,400. அன்றே திரும்புகிறவர் ஒரே வண்டியை வைத்துக்கொள்வதே சரி. ஆனால் இரவு தங்கினால் கணக்கு மாறுகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று பலர் போடுகிறார்கள். இரண்டு நாளுக்கு 500 கிலோமீட்டர், ரூ.6,000, பேட்டா ரூ.1,000. ரூ.7,000 ஆகிவிடுகிறது. அப்போது இரண்டு டிராப்புதான் லாபம், திரும்பும் காலி வண்டி கிடைத்தால் இன்னும் லாபம். சுங்கச்சாவடிக் கட்டணம், மாநில எல்லை தாண்டினால் பர்மிட் செலவு ஆகியவை தொகைக்குள் அடக்கமா இல்லையா என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். குறைந்த விலை சொல்லி ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது இவற்றை எழுதுவது பழைய தந்திரம்.

தனி ஆளாகப் போகிறவருக்கு ஏலமே வேண்டாம். 2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வழியாக நம் ஊர் வரை பயணிகள் ரயில் வருகிறது. பஸ்ஸும் இருக்கிறது. மூன்று நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து போவதாக இருந்தால்தான் கார் கட்டும்.

குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு வெள்ளைப் பலகை வண்டியில் ஏற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறோம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துதான் வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

கணக்குப் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை நாம் வரவாக எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாகக் காட்டுவது சிரமம். ஆகவே ரசீது வாங்குங்கள், பெரிய தொகையை வங்கி மூலம் அனுப்புங்கள்.

பேரத்துக்கு ஓர் அடித்தளம் உண்டு. கார் ஒரு லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் 400 கிலோமீட்டருக்கு 22 லிட்டர். லிட்டர் ரூ.92 என்று வைத்தாலும் ரூ.2,000க்கு மேல் டீசலுக்கே போகிறது. சுங்கமும் வண்டித் தவணையும் டயரும் தனி. காலித் திரும்பலுக்கு ரூ.1,500 கேட்பது வியாபாரம். போய்வர ரூ.3,000க்குக் கேட்டால், ஒப்புக்கொள்கிறவர் அந்த நட்டத்தை வேறு சவாரியில் ஈடுகட்ட வேண்டும். முந்தின இரவும் ஓட்டியிருப்பார், மறு இரவும் ஓட்டுவார். 2023 அக்டோபரில் செங்கம் அருகே ஒரே மாதத்தில் நடந்த இரண்டு விபத்துகளில் பத்துக்கு மேற்பட்டோர் இறந்த சாலை நாம் பெங்களூருக்குப் போகிற சாலைதான். ஏலத்தில் விலை குறைந்தவரை எடுக்குமுன் “நேற்று ராத்திரி தூங்கினீர்களா?” என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்தவருக்கு நூறு இருநூறு கூடக் கொடுத்து அவரை அழைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் நிற்கிற நம் ஊர் ஓட்டுநரிடமும் ஒரு விலை கேட்டுவிடுங்கள். அவர் வீட்டு மளிகை நம் கடையில்தான் வாங்கப்படுகிறது.