தோப்பில் அறையை வாடகைக்கு விடுமுன்...

போன வருஷம் தை மாசம், ஆனைமலை பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் கட்டிய இரண்டு அறைகளுக்கு முதல் விருந்தாளிகள் வந்தார்கள். கோயம்புத்தூர்க் குடும்பம். குழந்தைகள் கன்றுக்குட்டிக்குப் புல் ஊட்டின, தொட்டியில் குதித்துக் குளித்தன. கிளம்பும்போது தேங்காயெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் வீட்டம்மாவுக்கும் மனசு நிறைந்துபோச்சு.

மூன்றாம் வாரம் மின்சார ஊழியர் ஒருவர் வந்தார். பம்புசெட் ரூமில் இருந்து அறைப்பக்கம் போன ஒயரைப் பார்த்தார். "சார், இது விவசாய சர்வீஸ் ஆச்சுங்களே. ரூமுக்கு எப்படிங்க எடுத்தீங்க?" என்று கேட்டார். தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அது வரும்வரைக்கும்தானே என்று இழுத்த ஒயர் அது. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்து அடுத்தவர் காகிதத்தில் குறை கண்டுபிடித்தவனுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கட்டிய தொகை, அந்த அறைகளில் அதுவரை வந்த வாடகையைவிட அதிகம். தப்பு முழுக்க என்னுடையது.

தேங்காய் விலையும் காய்கறி விலையும் ஏறி இறங்கும் காலத்தில், "நம்ம தோட்டத்திலயும் ரெண்டு ரூம் போட்டா என்னங்க?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் செங்கல் இறக்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு சில இருக்கிறது. நான் பின்னால் கற்றுக்கொண்டதை நீங்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நிலமும் கட்டடமும்

சொந்த நிலம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைக்கக் கூடாது. பட்டாவில் நம் பேர் இருப்பது வேறு, அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பது வேறு. விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். கட்டடத்துக்கு வரைபட அனுமதி வேண்டும். அதற்கான விதிகள் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில் இருக்கின்றன. நாம் குடியிருக்கிற சாளையில் ஓர் அறையை ஒதுக்கி விடுவதும், வயலுக்கு நடுவே வரிசையாகக் குடில் எழுப்புவதும் அதிகாரிகள் கண்ணில் ஒன்றல்ல. முதல் வகை நமக்கு ஏற்றது, செலவும் குறைவு.

கட்டடம் எழும்பியதும் ஊராட்சியில் வீட்டு வரி போடச் சொல்லுங்கள். தொழில் வரியும் வரும். பயப்பட வேண்டாம், ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்க அரசியல் சட்டமே இடம் கொடுக்கவில்லை. இந்த ரசீதுகள்தான் பின்னால் ஒவ்வொரு பதிவுக்கும் கைகொடுக்கும்.

மலைப்பகுதி, காட்டோரம் என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். நீலகிரி சீகூர் பகுதியில் யானை வழித்தடம் என்று அரசு 2010-இல் அறிவித்ததை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அதற்கு முன்பே அங்கே பல விடுதிகளுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். 2021 ஜனவரியில் மசினகுடி பக்கம், தங்கும் விடுதி ஒன்றுக்கு அருகே வந்த யானை மேல் எரியும் பொருளை வீசினார்கள். அந்த யானை செத்துப்போனது. அதற்குப் பிறகு அனுமதி இல்லாத தங்குமிடங்கள் மேல் கெடுபிடி கூடியது. யானை நடக்கும் இடத்தில் அறை போட்டுவிட்டு இயற்கை விவசாயம் என்று பலகை மாட்டுவது நமக்கு அடுக்காது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. அங்கே அறை வைத்திருப்பவர்கள், முன்பதிவு வாங்கும்போதே விருந்தாளிக்கு அதைச் சொல்லிவிட வேண்டும்.

மின்சாரம்

இலவச மின்சாரம் பாசனத்துக்குக் கொடுத்தது. அதில் அறைக்கு விளக்குப் போட்டாலும் முறைகேடுதான். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடலாம். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். தனி இணைப்பு வந்து மீட்டர் மாட்டிய பிறகு முதல் விருந்தாளியைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் கூப்பிட வேண்டாம்.

பதிவுகள்

மாநிலச் சுற்றுலாத் துறையில் வீட்டுத் தங்கலுக்குப் பதிவு உண்டு. மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது. மத்தியத் திட்டத்தில் ஓர் அறை முதல் 6 அறை வரை, அதாவது 12 படுக்கை வரைதான். வெள்ளி, தங்கம் என்று இரண்டு தரம். முக்கியமான நிபந்தனை, உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். டவுனில் இருந்துகொண்டு காவல்காரரை வைத்து நடத்துவது வீட்டுத் தங்கல் ஆகாது. அது லாட்ஜ் கணக்கு.

சாப்பாடு போட்டுக் காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சிறு அளவில் சமைப்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவே போதும், கட்டணமும் சொற்பம். விருந்தாளிகள் பேர், முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வையுங்கள். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இதில் சொந்தக்காரர், சிநேகிதர் என்ற விலக்கு கிடையாது.

ஜி.எஸ்.டி.

இதைக் கேட்டதும்தான் பலர் பின்வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நம் மாநிலத்தில் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். தினம் தவறாமல் 5,500 ரூபாய் வந்தால்தான் அந்த எல்லையைத் தொட முடியும். இரண்டு அறை வைத்திருப்பவருக்கு அது நடக்காது. ஆனால் ஒன்று. டவுனில் கடை வாடகை, வேறு வியாபாரம் என்று அதே பான் எண்ணில் வருவதையும் சேர்த்துத்தான் 20 லட்சம் பார்ப்பார்கள்.

பதிவு செய்தவர்களுக்கு, நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 விழுக்காடு. முன்பு 12 ஆக இருந்தது. இப்போது உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. இணையத் தளங்கள் வழியாக முன்பதிவு வந்தால், நாம் பதிவு செய்யாதவராக இருந்தாலும் அந்தத் தளமே விருந்தாளியிடம் வரியை வாங்கி அரசுக்குக் கட்டிவிடும். அதை நம்மிடம் கேட்கிறார்களோ என்று குழம்ப வேண்டாம்.

வருமான வரி

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், தோட்டத்தில் வரும் எல்லாப் பணமும் விவசாய வருமானம் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படியில்லை. விவசாயக் கட்டடமாகவே இருந்தாலும், அதைத் தங்குவதற்கு வாடகைக்கு விட்டால் வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தேங்காய் விற்ற பணத்தையும் அறை வாடகையையும் தனித்தனிக் கணக்கில் போடுங்கள். முடிந்தால் வங்கிக் கணக்கே தனியாக இருக்கட்டும்.

ஓர் அறைக்கு 1,500 ரூபாய், இரண்டு அறையும் வருஷத்தில் 80 நாள் நிறைந்தால் வரவு 2,40,000. சிறு தொழிலுக்கான உத்தேச வரி முறையில், இதில் 8 விழுக்காட்டை லாபமாகக் காட்டினால் போதும், 19,200 ரூபாய். பணம் வங்கி வழியாகவோ டிஜிட்டலாகவோ வந்திருந்தால் 6 விழுக்காடு, 14,400 ரூபாய். உண்மையான லாபம் அதற்கு மேல் இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். ஓய்வூதியம் வாங்கும் என்னைப் போன்றவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000-க்கு மேல் இருந்தால், வரி விகிதத்தை முடிவு செய்ய மட்டும் விவசாய வருமானத்தைக் கூட்டுவார்கள்.

இணையத் தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்திருந்து, அந்தத் தளம் வழியான வரவு வருஷத்துக்கு 5 லட்சத்துக்குள் இருந்தால் தனிநபருக்குப் பிடித்தம் இல்லை. தாண்டினால் 0.1 விழுக்காடு. பான் கொடுக்காவிட்டால் 5 விழுக்காடு போய்விடும்.

கடன்

பழைய தொழில் பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். பயிர்க்கடன் வாங்கி அறை கட்டாதீர்கள். வாங்கிய காரணம் ஒன்று, செலவழித்தது ஒன்று என்றால், வட்டிச் சலுகையும் போகும், அடுத்த கடனும் கிடைக்காது. வீட்டுத் தங்கலுக்கு முத்ரா கடன் கொடுக்கலாம் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டிலேயே அறிவித்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். வாடகை வரவு 80 நாள்தான் என்று வைத்துத் தவணை போடுங்கள். 200 நாள் என்று போட்டால் தோப்பை விற்க வேண்டி வரும்.

விருந்தாளி நம் அறையைப் பார்க்க வரவில்லை. மருந்தடிக்காத காய், ஆழத்தில் தண்ணீர் இருக்கும் கிணறு, மண்புழு இருக்கும் மண் இதையெல்லாம் பார்க்கத்தான் வருகிறார்கள். வெள்ளாமையை விட்டுவிட்டு அறையைப் பிடித்தால் இரண்டும் போகும். எங்கள் தோப்பில் இப்போது ஒரு அறைக்கு மேல் கூட்டுவதில்லை என்று வைத்திருக்கிறோம். மாடு, பாத்தி, பண்ணை வேலை முடிந்த பிறகுதான் முன்பதிவுக்குப் பதில் சொல்வது.

அந்தப் பழைய ஒயரைச் சுருட்டிச் சாளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். "அறை போடலாம்னு இருக்கோம்" என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு, இளநீர் வெட்டிக் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறேன்.