புது டெப் என்றால் பற்றரி அதிக நேரம் நிற்குமா?

பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு டெப் கணினி வாங்கவேண்டும் என்ற எண்ணம் இன்று கிராமங்களில் பல குடும்பங்களுக்கு வந்துவிட்டது. 2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக வரத் தொடங்கியதோடு, இது வசதி படைத்தவர்களின் விளையாட்டுப் பொருள் என்ற நினைப்பு மாறியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, அதன் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதே முதற் கேள்வியாயிற்று.

கடைக்குப் போனால் "இது புது மொடல், பற்றரி நன்றாக நிற்கும்" என்று சொல்வார்கள். பழையதைவிடப் புதியது எல்லாவற்றிலும் மேலாகத்தான் இருக்கும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். காணியை விட்டு வந்து, புது இடத்தில் காலூன்றப் பாடுபடும் குடும்பத்துக்கு இந்த நம்பிக்கை பிழைத்தால் நட்டம் சிறிதல்ல. நட்டஈட்டுப் பணமோ, அடகுவைத்த நகையோ, ஒரு போகத்தின் மிச்சமோ அதில் போய்விடும். ஆகவே, வாங்குவதற்கு முன் இதன் கணக்கைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

குளமும் வயலும்

வில்கமுவப் பகுதியில் வாழ்பவர்களுக்கு நீர்த்தேக்கங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மாத்தளை மாவட்டத்தின் மொறகஹகந்த நீர்த்தேக்கம் 570 மில்லியன் கன மீற்றர் நீரைக் கொள்ளும். களு கங்கை நீர்த்தேக்கம் 248 மில்லியன் கன மீற்றர் கொள்ளும். இந்த இரண்டு எண்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் குளத்து நீர் அதிக நாள் நிற்கும் என்று சொல்ல முடியுமா? முடியாது. எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது, நெல்லா பயறா, வாய்க்காலில் எவ்வளவு கசிகிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் சொல்லலாம்.

பற்றரியும் இப்படித்தான். பற்றரி குளம். திரை, கணிக்கும் சில்லு, சிக்னல் பிடிக்கும் பகுதி ஆகியவை வயல்கள். குளம் பெரிதாகும்போது வயலும் பெரிதானால் நீர் நிற்கும் நாட்கள் கூடமாட்டா.

குளத்தின் அளவை வாற்று மணியில் சொல்வார்கள். பெட்டியில் பெரும்பாலும் 5000, 7000 என்று மில்லி அம்பியர் மணியில் எழுதியிருக்கும். அதை 1000 ஆல் பிரித்து, பற்றரியின் வோல்ற்று அளவால் பெருக்கினால் வாற்று மணி கிடைக்கும். இவ்வகைப் பற்றரிகள் பெரும்பாலும் 3.7 அல்லது 3.8 வோல்ற்று அளவில் இருக்கும். 5000 என்றால் 5 ஐ 3.7 ஆல் பெருக்க வேண்டும், 18.5 வாற்று மணி வரும். வீட்டு மின்சாரப் பட்டியலில் உள்ள ஒரு அலகு 1000 வாற்று மணி. ஆகவே டெப் ஒன்றைச் சார்ஜ் பண்ணும் மின்சாரச் செலவு மிகச் சிறியது. மின்சாரம் இல்லாத வேளையில் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் நமக்கு முக்கியம்.

மாறாத 10 மணித்தியாலம்

இதற்கு நல்ல உதாரணம் அப்பிள் நிறுவனத்தின் ஐபேட். 2010 இல் வந்த முதல் ஐபேட்டின் பற்றரி 25 வாற்று மணி. வைஃபை மூலம் இணையம் பார்த்தால் 10 மணித்தியாலம் வரை நிற்கும் என்று நிறுவனம் கூறியது. 25 ஐ 10 ஆல் பிரித்தால், அது மணிக்கு 2.5 வாற்று மணி குடித்தது என்று தெரிகிறது.

2012 மார்ச்சில் மூன்றாவது ஐபேட் வந்தது. அதன் பற்றரி 42.5 வாற்று மணி. குளம் 70 சதவீதம் பெரிதாகிவிட்டது. அப்படியானால் 17 மணித்தியாலம் நிற்க வேண்டுமல்லவா? நிறுவனம் சொன்னது அதே 10 மணித்தியாலம்தான். மேலதிக நீரைக் குடித்தது புதிய திரை. பழைய திரையில் அகலப்பாட்டில் 1024, உயரப்பாட்டில் 768 புள்ளிகள் இருந்தன. புதியதில் அவை 2048, 1536 ஆகி, மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்காயின. புள்ளிகள் நெருக்கமானால் பின்னாலிருக்கும் விளக்கொளி வெளியே வருவது குறையும். எனவே விளக்கை வலுப்படுத்த வேண்டும். அத்தனை புள்ளிகளையும் வரைவதற்குச் சில்லும் அதிகம் உழைக்க வேண்டும். இத்தனைக்கும் அந்தக் கருவி முந்தியதைவிடத் தடிப்பாகவும் பாரமாகவும் இருந்தது. அதனோடு வந்த 10 வாற்று சார்ஜரில், கணக்குப்படி பார்த்தாலே, நிரம்புவதற்கு 4 மணித்தியாலத்துக்கு மேல் தேவை. நாளில் பாதி நேரம் மின்வெட்டு உள்ள இடத்தில் இது ஒரு பின்னடைவே.

அடுத்து 2013 இல் ஐபேட் எயர் வந்தது. இம்முறை பற்றரி 32.4 வாற்று மணியாகக் குறைந்தது. கருவியின் தடிப்பு 9.4 மில்லிமீற்றரிலிருந்து 7.5 ஆகவும், நிறை ஏறக்குறைய 650 கிராமிலிருந்து 470 கிராமாகவும் குறைந்தன. நிற்கும் நேரம் மீண்டும் 10 மணித்தியாலம். 2024 இல் வந்த 13 அங்குல ஐபேட் புரோவின் தடிப்பு 5.1 மில்லிமீற்றர். பற்றரி ஏறக்குறைய 39 வாற்று மணி. அதற்கும் சொல்லப்பட்ட நேரம் 10 மணித்தியாலம்தான்!

14 வருடங்களில் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறியும் அந்த எண் அசையவில்லை. 10 மணித்தியாலம் இருந்தால் வாங்குபவருக்குப் போதும் என்று நிறுவனம் முடிவுசெய்தது. சிக்கனத்தால் மிஞ்சியதை அதிக நேரமாகத் தராமல், மெல்லிய உடலாகவும் கூர்மையான திரையாகவும் வேகமாகவும் தந்தது. கடைக் கண்ணாடிக்குள் பார்த்தவுடன் கண்ணைக் கவர்வன அவைதான். பற்றரி நிற்கும் நேரம் வீட்டுக்குக் கொண்டுபோன பின்னரே தெரியும்.

பற்றரி ஏன் மெதுவாக வளர்கிறது?

லிதியம் அயன் பற்றரியை முதன்முதலில் 1991 இல் ஜப்பானின் சொனி நிறுவனம் விற்பனைக்கு விட்டது. இதற்கு அடித்தளமிட்ட ஜோன் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அன்று தொட்டு இன்றுவரை, ஒரே நிறையுள்ள பற்றரியில் அடைக்கக்கூடிய சக்தி சுமார் மூன்று மடங்காகத்தான் கூடியிருக்கிறது. அதே காலத்தில் சில்லுகளின் திறன் ஆயிரக்கணக்கான மடங்கு கூடிவிட்டது. சில்லில் பகுதிகளைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி அடுக்கலாம். பற்றரியிலோ சக்தியைச் சுமப்பது பொருளே. அதை நினைத்தபடி சுருக்க முடியாது. ஆகவே வயல் விரைவாகப் பெருகுகிறது, குளம் மெதுவாகவே பெருகுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கசிவுகள்

பெட்டியில் எழுதிய நேரம், நல்ல வைஃபை உள்ள இடத்தில், நடுத்தர வெளிச்சத்தில் அளந்தது. சிம் அட்டை மூலம் இணையம் பார்த்தால் 9 மணித்தியாலம் என்று அப்பிள் நிறுவனமே குறைத்துச் சொல்லும். மலையும் காடும் மறைக்கும் இடங்களில் இது இன்னும் குறையும். கோபுரம் தூரத்தில் இருந்தால், தன் குரலை அங்கு எட்டவைக்கக் கருவி உரத்துக் கத்தவேண்டியிருக்கிறது. பிள்ளை ஒன்றும் செய்யாமல் வைத்திருக்கும்போதும் சிக்னல் தேடிப் பற்றரி இறங்கும்.

வெளி முற்றத்தில் வைத்துப் படித்தால், வெயிலில் எழுத்துத் தெரிவதற்குத் திரையின் வெளிச்சத்தை உச்சத்துக்குக் கூட்டுவோம். அதுவும் பெரும் செலவு. இனி, புதிய மென்பொருள் ஏற்றிய முதல் சில நாட்களில் கருவி உள்ளுக்குள் படங்களையும் கோப்புகளையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். அந்நாட்களில் பற்றரி விரைவாக இறங்குவதைக் கண்டு பழுது என்று பயப்பட வேண்டாம். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

வெயிலும் வயதும்

குளத்தில் வண்டல் படிவதுபோல் பற்றரியும் வருடந்தோறும் கொள்ளளவு குறைகிறது. பாவித்தாலும் குறையும், பாவிக்காமல் வைத்தாலும் குறையும். அதற்குப் பெரிய எதிரி வெப்பம். லிதியம் பற்றரியை 40 சதவீதச் சார்ஜில், 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வருடம் வைத்திருந்தால் ஏறக்குறைய 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதையே முழுச் சார்ஜில், 40 பாகையில் ஒரு வருடம் வைத்தால் மிஞ்சுவது சுமார் 65 சதவீதம் என்று மின்கல நூல்கள் சொல்கின்றன.

வில்கமுவ போன்ற உலர்வலயப் பிரதேசத்தில், தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். சார்ஜரில் இரவும் பகலும் மாட்டியபடி, ஜன்னல் ஓரத்தில் கிடக்கும் புதுக் கருவியைவிட, நிழலில் அளவோடு சார்ஜ் செய்யப்பட்ட பழைய கருவி அதிக நேரம் நிற்பதற்கு இதுவே காரணம். கடையிலேயே இரண்டு மூன்று வருடம் பெட்டிக்குள் கிடந்ததும் "புதியது" என்றுதான் விற்கப்படும். தயாரித்த ஆண்டைக் கேட்டுப் பாருங்கள்.

வாங்குமுன் செய்யவேண்டியவை

1. பற்றரியின் அளவை மட்டும் பாராமல், திரையின் அளவையும் சொல்லப்பட்ட நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாடம் படிக்கவும் வீடியோ பார்க்கவும் மிகக் கூர்மையான திரை தேவையில்லை.

2. பாவித்த கருவியென்றால், கடையிலேயே சோதியுங்கள். வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, உள்ளே பதிந்துள்ள வீடியோ ஒன்றை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். 5 சதவீதம் இறங்கினால் முழுச் சார்ஜ் சுமார் 10 மணித்தியாலம் வரும். 15 சதவீதம் இறங்கினால் 3 மணித்தியாலம் 20 நிமிடம்தான். 40 இலிருந்து திடீரென்று 20 க்குத் தாவினால் பற்றரி களைத்துவிட்டது என்று அர்த்தம்.

3. மேசையில் படுக்கவைத்துப் பாருங்கள். முதுகு வீங்கியிருந்தாலோ, திரை ஓரத்தில் விலகியிருந்தாலோ வாங்க வேண்டாம். வீட்டிலுள்ளது வீங்கினால் உடனே சார்ஜ் பண்ணுவதை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும்.

4. வீட்டிலிருக்கும் பழைய டெப் மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருந்தால், தரமான பற்றரியை மாற்றுவதற்கு என்ன செலவாகும் என்று முதலில் விசாரியுங்கள்.

வாங்கியபின் கவனிக்கவேண்டியவை

சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் பாடங்களை இறக்கிவைத்து, வீட்டில் விமான நிலையில் போட்டுப் படிக்கப் பழக்குங்கள். சார்ஜை 20 க்குக் கீழே அடிக்கடி விடாமலும், 80 க்கு மேல் நாளெல்லாம் வைக்காமலும் பாவித்தால் பற்றரியின் ஆயுள் கூடும்.

சூரிய சக்தித் தகடு வைத்திருப்போர் தகட்டை வெயிலிலும் கருவியை நிழலிலும் வைக்கவேண்டும். 20 வாற்றுத் தகடு 5 மணித்தியால நல்ல வெயிலில் 100 வாற்று மணி தரும் என்பது காகிதக் கணக்கு. பாதிக்குச் சற்று மேல் கைக்குக் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாற்றம் இராது. 25 வாற்று மணி டெப்பை நிரப்பி, இரவு விளக்குக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க அது போதும்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். வஸ்கமுவக் காட்டோரக் கிராமங்களில் சூரிய சக்தியில் இயங்கும் யானை வேலிகள் உண்டு. அவற்றின் பற்றரியில் கம்பி இழுத்து டெப்பையோ கைத்தொலைபேசியையோ சார்ஜ் பண்ணக்கூடாது. அது ஈயப் பற்றரி. அடிக்கடி ஆழமாக இறங்கினால் சீக்கிரம் செத்துவிடும். பகலில் தகடு சேர்த்துவைப்பது இரவு முழுவதும் வேலிக்குத் தேவை. நடு இரவில் வேலி சோர்ந்தால் நட்டப்படுவது ஊர் முழுவதன் வயலும் உயிருமாகும்.

"பற்றரி எவ்வளவு பெரியது?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "இது மணிக்கு எவ்வளவு குடிக்கும்?" என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், வாற்று மணியைச் சொல்லப்பட்ட நேரத்தால் பிரியுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையே இந்தக் கணக்கைச் செய்துவிடும். யாருக்காக வாங்குகிறீர்களோ, அந்தப் பிள்ளையையும் கடைக்குக் கூட்டிச்சென்று அதன் கையாலேயே செய்விப்பது நல்லது.