மோட்டார் வண்டியின் பின்னச்சு

தில்லையின் தேர்வீதிகள் நான்கும் ஒன்றோடொன்று நேர்கோணமாகச் சந்திப்பன. ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் தேர் அம்மூலைகளில் திரும்புதலைக் கண்டோர், முட்டுக்கட்டை இடுவோர் படும் பாட்டினை நன்கறிவர். நேர்வழியில் ஓடிவந்த தேர் மூலையில் முரண்டுதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, வெளிப்புறத்து உருளை செல்லும் வழி நீண்டும் உட்புறத்து உருளை செல்லும் வழி குறுகியும் இருத்தலாம். இவ்விடர் தேருக்கு மட்டும் உரியதன்று. ஈருருளை பூண்ட எவ்வூர்திக்கும் உண்டு. மாட்டு வண்டியில் உருளைகள் அச்சைச் சுற்றித் தனித்தனியே உருள்வன. அன்றியும் இழுப்பது மாடேயன்றி உருளையன்று. ஆதலின் வண்டிக்காரர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. மோட்டார் வண்டியிலோ உருளையே உந்துகின்றது. இரண்டு உருளைகளையும் ஒரே தண்டிற் பிணித்துச் சுழற்றினால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று தரையில் தேய்ந்தே தீரும்.

எவ்வளவு தேயுமெனக் கணக்கிட்டுப் பார்த்தோம். இரு சக்கரங்களுக்கும் இடையகலம் நாலரை அடி என்க. நேர்கோணமாக ஒரு முறை திரும்பினால், வளைவு சிறிதாயினும் பெரிதாயினும், வெளிச்சக்கரம் ஏறத்தாழ 7 அடி மிகுதியாகச் செல்லவேண்டும். சக்கரத்தின் சுற்றளவும் ஏறக்குறைய 7 அடியாயின், தேர்வீதி நான்கையும் வலம் வரும் வண்டியின் வெளிச்சக்கரம் மற்றதைவிட நான்கு சுற்று மிகுதியாகச் சுழலும்.

இவ்விடரைத் தீர்க்கும் பற்சக்கரக் கூட்டையே டிபரென்ஷியல் என்பர். பிரான்சு நாட்டுப் பெக்கேர் என்பவர் நீராவி வண்டிக்கென 1827-ஆம் ஆண்டளவில் இதனை அமைத்தார். 1877-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்கு இதனைப் பொருத்தினார். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெருஞ்சக்கரம் கிரவுன். கிரவுனோடு ஒரு கூண்டு சுழலும்; அக்கூண்டினுள் சிறு பற்சக்கரங்கள் இருபுறத்து அச்சுகளையும் கவ்விநிற்கும். ஒரு சக்கரம் எவ்வளவு தாழ்கின்றதோ அவ்வளவு மற்றது விரையும். இரண்டின் சராசரி எப்போதும் கூண்டின் வேகமே.

தொல்காப்பியம் பயில்வோர்க்குப் பல்லெண்ணும் தொழில் எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தனர். காரணம் உண்டு. கடலூரில் எம் சிறிய தந்தையார் பழைய அம்பாசடர் வண்டி ஒன்றனைத் திருமண வீட்டார்க்கு வாடகைக்கு ஓட்டுகின்றார். எம் கல்லூரிக் கட்டணமும் அவ்வண்டியினின்றே வருவது. ஆங்கில மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்து, 1958 முதல் 2014 வரை வங்கத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட ஊர்தி அது. 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினுடையது. எண்ணெய் வற்றியதை நாங்கள் கவனியாமையால் கார்த்திகையில் அதன் பின்னச்சு பல்லுடைந்து நின்றது. தை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியாயிற்று. பழைய இரும்புக் கடையில் பொருந்தக்கூடிய பின்னச்சு இரண்டு கிடந்தன. கையிலிருந்த பணம் ஒன்றற்கே போதும்.

எந்த வண்டியினின்று கழற்றியவை என்பதைக் கடைக்காரரும் அறிந்திலர். மெக்கானிக்குப் பெரியவர் உறையைத் திறவாமலே ஒரு சோதனை செய்தார். ஒரு புறத்து அச்சினை எம்மை அசையாது பிடிக்கச் செய்து, மறுபுறத்து அச்சினை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒன்று நிற்க மற்றது இருமுறை சுழன்றால் கூண்டு ஒருமுறை சுழலுமன்றோ? அதற்குள் பினியன் எத்தனை முறை சுழன்றதென்பதைச் சாக்கட்டிக் கோடிட்டு எண்ணினார். ஒன்றில் நாலரைச் சுற்றுக்குச் சிறிது மிகுதி. மற்றதில் நான்கிற்குச் சிறிது குறைவு. திறந்து எண்ணியபோது, முன்னதில் 9 பல்லுக்கு 41 பல், பின்னதில் 11 பல்லுக்கு 43 பல். விகிதம் முறையே 4.56, 3.91.

இவ்வெண்களே தேர்வின் உயிர். விகிதம் உயர்ந்தால் இழுவை மிகும். ஆயின் அதே வேகத்திற்கு எஞ்சின் மிகுதியாகச் சுழலவேண்டும். மேற்கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் செல்ல, முன்னது நிமிடத்திற்கு ஏறத்தாழ 2140 சுற்றும் பின்னது 1830 சுற்றும் வேண்டும். இழுவையிலோ முன்னது பின்னதினும் ஆறிலொரு பங்கு மிகுதி. சிறிய தந்தையார் பெட்ரோல் மிச்சமாகுமெனப் பின்னதையே விரும்பினார். யாமும் அவர் பக்கமே நின்றோம். பெரியவர், “தம்பி, வண்டி எங்க போவுது, எத்தனை பேர் ஏறுவாங்க, அதைச் சொல்லு மொதல்ல” என்றார்.

அமெரிக்கர் இக்கேள்வியை வண்டி வாங்கும்போதே கேட்டனர். 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. என்னும் விரைவூர்தி 389 கன அங்குல எஞ்சினோடு வந்தபோது, வாங்குவோர் பின்னச்சு விகிதத்தைத் தாமே தெரிந்துகொண்டனர். கால் மைல் பந்தயத்தில் பாய விரும்பினோர் நான்கிற்கு மேற்பட்டதையும், நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் செல்வோர் மூன்றை ஒட்டியதையும் கொண்டனர். பேரெஞ்சின் உடையார்க்குத் தாழ்ந்த விகிதமும் தாங்கும். எங்கள் எஞ்சினோ அதன் கால் பங்கிற்கும் குறைந்தது, அன்றியும் முதியது. கடலூர்–சிதம்பரம் வழி சமவெளியே. எனினும் கேப்பர் மலைப் பக்கத்து ஏற்றமும், பாலங்களின் ஏறுமுகமும், தேர்வீதியின் நெரிசலில் நின்று நின்று கிளம்புதலும் உண்டு. வண்டியில் ஏறுவோர் எழுவர், பெண்ணுக்குரிய சீர்வரிசைப் பாத்திரங்கள் வேறு. இத்தனையும் கேட்ட பெரியவர் 9-க்கு 41-ஐச் சுட்டினார்.

தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலில் ஒரு சக்கரம் புதைந்து வீணே சுழல, மற்றது அசையாது நின்ற அனுபவம் எங்களுக்குண்டு. டிபரென்ஷியலின் குறை அதுவே: வலிமை முழுவதும் வழுக்கும் சக்கரத்தின் வழியே வீணாகும். 1956-இல் ஸ்டூடிபேக்கர்-பாக்கர்டு நிறுவனத்தாரும், 1957-இல் செவ்ரோலேயாரும் இவ்வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளைத் தந்தனர். உள்ளிருக்கும் சிறு பற்களைப் பற்றவைத்து விடலாமே எனக் கேட்டோம். பெரியவர் சிரித்தார். அவ்வாறு செய்தால் முன்சொன்ன நான்கு சுற்றும் டயரின் தோலில் கழியும்.

முடிவில் ஒரு சிக்கல் எழுந்தது. 41 பல் கிரவுன் பழுதற்றிருந்தது. ஆயின் அதன் பினியனில் ஒரு பல்லின் முனை சிறிது சிதைந்திருந்தது. கடைக்காரர் வேறொரு 9 பல் பினியனைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தார். பெரியவர் இரண்டிலும் பொறித்திருந்த எண்களை எமக்குக் காட்டினார், அவை ஒத்தில. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று இழைத்து இணையாகச் செய்யப்படுவன. இணை பிரித்தவை ஓடத் தொடங்கிச் சில நாளில் ஊளையிடும், பின்னர் உடையும். மேலும் இரு கிழமை தேடி, விழுப்புரத்திலிருந்து ஒத்த எண்ணுடைய இணை ஒன்றனைக் கொணர்ந்து, பேரிங்குகளையும் மாற்றிப் பூட்டினோம். அதற்காகச் சிறிய தந்தையார் மோதிரத்தை அடகு வைத்தார்.

தை முதல் முகூர்த்தத்திற்கு எழுவரோடு வண்டி சிதம்பரம் சென்றது. கீழவீதி மூலையில் ஓசையின்றித் திரும்பியது. மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் இரைகின்றது. சிறிய தந்தையார் தாண்டுவதில்லை. மாதந்தோறும் முதல் ஞாயிறு மாலையில் பின்னச்சின் எண்ணெயை அளந்து பார்க்கும் பணி எம்முடையது.