சறுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், தக்காளி சீசனில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தோட்டத்திலிருந்து கிரேடுகளை ஏற்றிக்கொண்டு வந்த பிக்கப் வண்டி, தார்ச்சாலைக்குப் பத்தடி இருக்கும்போது செம்மண் சேற்றில் நின்றுவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இடது பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி சுற்றும். வலது சக்கரமோ கெட்டித் தரையில் நிற்கிறது, இம்மியும் அசையாது.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. அதற்காகத்தான் பின் அச்சின் நடுவே டிஃபரென்ஷியல் இருக்கிறது. சாதாரண டிஃபரென்ஷியல் திருப்புவிசையை எப்போதும் சரிபாதியாகவே பிரிக்கும். சேற்றில் வழுக்கும் சக்கரத்தைச் சுழற்ற சொற்ப விசை போதும். அதே சொற்பம்தான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். வண்டி எப்படி நகரும்?

டிராக்டரில் இதற்கென ஒரு மிதி உண்டு. அதை மிதித்தால் இரு சக்கரமும் பூட்டிக்கொள்ளும். அந்த வேலையை ஓரளவுக்குத் தானாகவே செய்வது லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி. பரவலான ரகத்தில் உள்ளே வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று, பாதித் தகடுகள் சக்கரத்தண்டின் பல்சக்கரத்தோடும் மீதி வெளிக்கூட்டோடும் சுற்றும். ஸ்பிரிங் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். ஒரு சக்கரம் தனியாகச் சுற்றப் பார்த்தால் தகடுகளின் உராய்வு அதை இழுத்துப் பிடித்து, கொஞ்சம் விசையை மறு சக்கரத்துக்கு அனுப்பும்.

இந்தத் தகடுகளை நனைக்கும் எண்ணெயின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. அதே கூட்டுக்குள், அதே எண்ணெயில், கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்களும் சுற்றுகின்றன. 1920களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கிய ஹைப்பாய்டு முறைப்படி, பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி அமைந்திருக்கும். இதனால் வண்டியின் தளம் தாழ்ந்தது, ஆனால் பற்கள் உருள்வதோடு நில்லாமல் ஒன்றையொன்று அழுத்தித் தேய்த்தபடி சறுக்கவும் ஆரம்பித்தன. வெறும் எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். அதனால் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களைக் கலக்கிறார்கள். உரசிச் சூடேறும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமாகும். பல்லுக்குப் பதில் அந்தப் படலம் தேயும், திரும்பவும் உருவாகும். டிரெயின் நட்டைக் கழற்றியதும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்துடையதுதான்.

பற்களுக்கு வழவழப்பு எவ்வளவு இருந்தாலும் நல்லது. தகடுகளுக்கு உராய்வு வேண்டும், அதுவும் ஒழுங்கான உராய்வு. தரையில் இரும்பு பீரோவை நகர்த்திப் பாருங்கள்: அசைய மறுக்கும், திடீரென நகரும், மறுபடி நிற்கும், "டர்ர்ர்" என்று வீடே அதிரும். நிற்கும்போது உள்ள உராய்வு நகரும்போது இருப்பதைவிட அதிகம் என்பதே காரணம். தகடுகளும் அப்படிப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நகர்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியின் பின்புறம் உறுமும்.

இதற்கு மருந்து, உராய்வைச் சீராக்கும் சேர்க்கைப் பொருள். நீண்ட கார்பன் சங்கிலி மூலக்கூறுகள். ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும், வால் வெளியே நீட்டி நிற்கும். வெல்வெட் துணியின் மயிர் போல. தகடு அசையத் தொடங்கும் கணத்தின் பிடிப்பை அது தளர்த்திவிடும்.

நம் ஊர் வண்டிக்காரர்கள் இந்த வேதியியலின் பக்கத்து வீட்டுக்காரர்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் பூசினார்களே, அந்த மசகுதான் இன்று மசகெண்ணெய் என்ற சொல்லாக நிற்கிறது. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம்: 18 கார்பன் சங்கிலி, இரும்பைப் பற்றும் முனை. அமெரிக்காவிலோ 1970களின் தொடக்கம் வரை ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் கலந்தார்கள். 1970இல் அந்தத் திமிங்கிலம் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்த பிறகு மாற்று தேடுவது கட்டாயமானது. ஒரு பாலைவனச் செடியான ஹோஹோபாவின் விதையில் ஏறக்குறைய அதே அமைப்புள்ள எண்ணெய் கிடைத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கடையில் "90 ஆயில்" என்று கேட்பது வழக்கம். அந்த 90, எஞ்சின் ஆயிலின் 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறவர்கள் நிறைய. இரண்டும் தனித்தனி அளவுகோல்கள். 90 கியர் ஆயிலும் 40, 50 எஞ்சின் ஆயிலும் 100 டிகிரி சூட்டில் ஏறத்தாழ ஒரே கெட்டிதான். டப்பாவில் பார்க்க வேண்டியது வேறு: ஹைப்பாய்டு பற்களுக்கு ஜி.எல்-5 என்ற தரக்குறி, தகடு உள்ள எல்.எஸ்.டி.க்கு அதோடு எல்.எஸ். என்ற எழுத்துகள். எல்.எஸ். இருந்தால் சேர்க்கைப் பொருள் ஏற்கெனவே கலந்திருக்கிறது. தனி பாட்டில் வாங்கி அதன்மேல் ஊற்றினால் தகடுகளின் பிடி தளர்ந்து, காசு கொடுத்து வாங்கிய எல்.எஸ்.டி. சாதாரண டிஃபரென்ஷியலாகிவிடும். ஜி.எல்-5 நல்லது என்று கியர்பாக்ஸிலும் ஊற்றாதீர்கள். பழைய பெட்டிகளின் பித்தளை வளையங்களைக் கந்தகம் அரிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. 2015இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் பின்னால் இருப்பது ஈட்டன் நிறுவனத்தின் பூட்டும் ரகம். இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் உள்ளே ஒரு கொக்கி விழுந்து தகடுகளை இறுக்கிப் பூட்டும். அதற்குப் பிடிப்புதான் உயிர். கையேட்டில் சொல்லாத வழவழப்பை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சென்ற மழைக்காலத்தில் கெலமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில், தகடு ரக எல்.எஸ்.டி. உள்ள பழைய வண்டி ஒன்று நின்றது. திருப்பத்தில் உறுமுகிறது, பேரிங் மாற்ற வேண்டும் என்று வேறெங்கோ சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக் வடித்த எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் புகுந்திருந்தால் பால் காபி நிறத்தில் இருக்கும். இது தெளிவாக இருந்தது. நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு மட்டும், இரும்புச் சில்லு இல்லை.

"சார், இது பேரிங் சத்தம் இல்ல. ஆயில் சத்தம்" என்றார். யாரோ வெறும் 90 ஊற்றியிருக்கிறார்கள்.

எல்.எஸ். எண்ணெய் நிரப்பினோம். காலி மைதானத்தில் எட்டுப் போட்டபடி மெதுவாக ஓட்டச் சொன்னார், புது எண்ணெய் தகடுகளின் இடுக்கில் இறங்க வேண்டுமாம். முதல் சில எட்டுகளில் அதே உறுமல். பிறகு விட்டு விட்டு. பத்தாவது எட்டில் நான் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன். டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்கும் ஓசை மட்டும் கேட்டது.