வீடு திருத்தும் காலத்தில் எங்கே குடியிருப்பது?

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணஞ் செய்துபார்” என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டை இடித்துத் திருத்திப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை. இடிபடும் வீட்டுக்குள்ளேயே அடுப்பு மூட்டிக் குடும்பம் நடத்திப்பார் என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றியிருக்கவும் மாட்டாது. ஆயின் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் முன் என்றோ ஒருநாள் இக்கேள்வி வந்து நிற்கவே செய்கிறது. கூரை ஒழுகுகிறது; மகனுக்கு மணமாகி மாடி எழுப்பவேண்டியிருக்கிறது; ஐம்பது ஆண்டு கண்ட தண்ணீர்க் குழாய்கள் துருவேறிவிட்டன. வேலை முடியும்வரை வீட்டிலேயே இருப்பதா, வாடகைக்கு வேறிடம் பார்ப்பதா?

இவ்வினா எழுந்தவுடன் எழுதுகோலை எடுத்து வாடகைக் கணக்குப் பார்ப்பதே வழக்கம். கணக்குப் பார்ப்பது நல்லதே. எனினும் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வேலை நடக்கும் வீட்டையும் நாம் வாழும் வீட்டையும் தனித்தனியே பிரிக்க முடியுமா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவை தாமே தெளியும் என்பது நம் கருத்து.

பெரியோர் வீட்டுக் கதைகள்

உலகப் புகழ்பெற்ற வீடுகளுக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்ததுண்டு. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்க வெள்ளை மாளிகையில், அதிபர் ட்ரூமனின் மகளுடைய பியானோவின் கால் தரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, மாளிகையின் உட்பகுதி முழுவதுமே வலுவிழந்திருந்தமை தெரியவந்தது. அவ்வாண்டு நவம்பரில் அதிபரின் குடும்பம் தெருவுக்கு எதிரேயிருந்த பிளேயர் இல்லத்திற்குக் குடிபெயர்ந்தது. வெளிச் சுவர்களை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தவை அனைத்தையும் அகற்றி, எஃகுச் சட்டம் எழுப்பி மாளிகையைப் புதிதாக்கினர். 1952 மார்ச் 27 இல்தான் ட்ரூமன் வீடு திரும்பினார். நாட்டின் தலைவரே மூன்றாண்டுகளுக்கு மேல் மாற்று வீட்டிலிருந்து அரசாண்டார்.

இலண்டனிலுள்ள பக்கிங்ஹாம் அரண்மனையின் கதை இதற்கு மாறானது. அங்கு மின்கம்பிகளும் குழாய்களும் பழுதாகிவிட்டமையால், 369 மில்லியன் பவுண் செலவில் பத்தாண்டுத் திருத்த வேலை 2017 இல் தொடங்கிற்று. அதன்பொருட்டு அரண்மனையை முழுவதும் காலி செய்யவில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு புறத்தில் வேலை நடக்க மறுபுறத்தில் அலுவல்கள் தொடருமாறு திட்டமிட்டனர். அங்குள்ள அறைகள் 775 என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிரிப்பதற்கு இடமிருந்தது, பிரித்தார்கள்.

இவ்விரண்டுக்கும் இடையில் தத்தளித்தது பிரித்தானியப் பாராளுமன்றம். வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையைத் திருத்துவது பற்றி 2015 இல் வெளியான அறிக்கை, உறுப்பினர் அனைவரும் வெளியேறினால் ஏறத்தாழ 6 ஆண்டுகளும் 350 கோடி பவுணும் ஆகும் என்றது. உள்ளே இருந்துகொண்டே சிறிது சிறிதாகச் செய்தால் 32 ஆண்டுகளும் 570 கோடி பவுணும் ஆகும் என்றது. 2018 இல் வெளியேறுவதென வாக்களித்தனர். பின்னர் 2022 இல் திட்டத்தை மீண்டும் ஆராய முற்பட்டனர். வீட்டுக்குள் இருந்துகொண்டு வேலை செய்விப்பதும் செலவே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

நம் வீட்டிலும் இதே கணக்குத்தான், சிறிய அளவில். குடியிருக்கும் வீட்டில் மேசன்மார் காலையில் வந்து முதலில் தளபாடங்களை நகர்த்தவேண்டும். மாலையில் வேலையை நிறுத்திக் கூட்டித் துடைத்துவிட்டுச் செல்லவேண்டும். ஓர் அறையை முடித்து, பொருள்களை அங்கு மாற்றிய பின்னரே அடுத்த அறையைத் தொடலாம். நாட்கூலியின் ஒரு பகுதி இவ்வாறே கரைந்துபோகிறது. மிஞ்சும் வாடகையையும், நீளும் நாட்களின் கூலியையும் அருகருகே எழுதிப் பார்த்த பின்னரே எது சிக்கனம் என்று கூறலாம்.

கோயில் காட்டும் வழி

இவ்விடயத்தில் நமக்கு நெடுங்காலமாகவே ஒரு வழிகாட்டல் உண்டு. ஆடிவேல் விழாவால் பெயர்பெற்ற பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலின் அயலில் வாழ்வோர், திருப்பணி என்றால் என்னவென்பதை அறிவர். கோயிலில் பெருந் திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்யப்படுகிறது. மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயம் என்னும் சிறு இடத்தில் வைத்துப் பூசை நடத்துவர். கருவறையில் உளியும் சுத்தியலும் ஒலிக்க, பாலாலயத்தில் மணியோசை ஒலிக்கும். வேலை முற்றுப்பெற்றுக் கும்பாபிஷேகம் நிகழும்போது இறைவன் மீண்டும் தன் இடத்திற்கு எழுந்தருளுவான்.

இம்மரபு நமக்கு மூன்றைக் கற்பிக்கிறது. முதலாவது, வேலை நடக்கும் இடமும் வழிபாடு நடக்கும் இடமும் கலப்பதில்லை. இரண்டாவது, இடம் சுருங்கினாலும் நித்திய பூசை நிற்பதில்லை. மூன்றாவது, பாலாலயம் தற்காலிகமானது. அங்கேயே தங்கிவிட எவரும் எண்ணுவதில்லை. குடும்பத்திற்கும் ஒரு பாலாலயம் வேண்டும். அது வீட்டுக்குள்ளேயே அமையுமா, வெளியே அமையவேண்டுமா என்பதுதான் கேள்வி.

நான்கு தேவைகள்

வாழ்வதற்குக் கூரை, நீர், அடுப்பு, மலசலகூடம் ஆகிய நான்கும் இன்றியமையாதன. திருத்த வேலையால் இவற்றுள் எவை, எத்தனை நாட்களுக்கு இல்லாமற்போகும் என்று ஒப்பந்தகாரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்க.

குசினி மட்டும் உடைபடுமானால், பின் விறாந்தையில் எரிவாயு அடுப்பை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டு மலசலகூடங்களில் ஒன்று மட்டும் வேலைக்குப் போகுமாயின் அதுவும் பெருந் தொல்லையன்று. இருப்பதே ஒன்றாகி, அதையும் உடைப்பதாயின், அயலவர் தயவில் எத்தனை நாள் வாழமுடியும்? கூரையைக் கழற்றுவதாயின் வாதத்திற்கே இடமில்லை. கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழை தருகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலைதோறும் இடியுடன் கூடிய பெருமழை பெய்வது வழக்கம். தையும் மாசியுமே ஓரளவு வறண்ட காலம். கூரை வேலையைத் தைப்பொங்கலின் பின் தொடங்குவோர் அறிவுடையோர்.

மாடி எழுப்புவதாயின் இன்னொன்றையும் கருதவேண்டும். கொங்கிறீற்றுத் தட்டு இட்டபின் அதைத் தாங்கும் முட்டுகள் பல நாட்கள் கீழேயே நிற்கும். தட்டை ஒரு கிழமையேனும் ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். அதன் வலுவை 28 ஆம் நாளிலேயே அளவிடுவர். அந்நாட்களில் அதன்கீழ்ப் பாய்விரித்து உறங்குவது துணிவாகாது, அறியாமையே.

கண்ணுக்குத் தெரியாத பகை

தூசியை நாம் பெரும்பாலும் வெறும் அழுக்காகவே எண்ணுகிறோம். சுவர் கொத்தும்போதும் தரையோடு வெட்டும்போதும் எழும் தூசியில் சிலிக்காத் துகள் உண்டு. நீண்டகாலம் அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கோ சில நாட்களே போதும். வெட்டும் இடத்தை நனைத்துக்கொண்டு வெட்டுமாறு கேட்பது நம் உரிமை.

இதனினும் கொடியது அஸ்பெஸ்டஸ் தூசி. நம் நகரில் பழைய வீடுகள் பலவற்றின் கூரை அஸ்பெஸ்டஸ் தகடே. அதன் எவ்வகையும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் நார்கள் காற்றிற் கலக்கின்றன. ஆதலின் தகடுகளை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றவேண்டும். அவ்வேலை நடக்கும் நாட்களில் குடும்பத்தார் எவரும் வீட்டில் இருத்தல் கூடாது. மற்ற நாட்களில் வீட்டிலேயே இருப்பதென முடிவு செய்தவர்களும் இந்நாட்களில் உறவினர் வீட்டுக்குச் செல்வதே முறை.

மூன்றாவது பகை நுளம்பு. சீமெந்து வேலைக்கு நிறைத்து வைத்த பீப்பாய், ஈரம் காக்கத் தட்டின்மேல் கட்டிய நீர், வெற்றுத் தகரம் ஆகிய யாவும் டெங்கு நுளம்பின் பிறப்பிடங்கள். முட்டையிலிருந்து முழு நுளம்பாக அதற்கு எட்டுப் பத்து நாட்கள் போதும். 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பதைத் தடுக்க 2007 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வீட்டில் இருந்தாலும் வெளியேறினாலும், கிழமைக்கு ஒருமுறையேனும் தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்ப்பது வீட்டுக்காரரின் கடமை. பூட்டிய வீட்டில் பெருகும் நுளம்பு அயல்வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும்.

முதியோரும் மாணவரும்

வீட்டில் யார் மிக நலிந்தவரோ அவரை அளவாகக் கொண்டே முடிவெடுத்தல் வேண்டும். மருத்துவரை அடிக்கடி நாடும் முதியவர், கைக்குழந்தை, கருவுற்ற பெண் ஆகியோர் இருக்கும் வீட்டில் பெருவேலை தொடங்குவதாயின் வெளியேறுவதே நன்று.

ஆயினும் நம் முதியோரிடம் “சில மாதம் வெளியே போயிருப்போம்” என்று சொல்லிப்பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எளிதன்று. நமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், மாடி வேலை தொடங்கியபோது அசையவே மறுத்துவிட்டார். பிள்ளைகள் அதைப் பிடிவாதம் என்றனர். 1983 யூலையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடி, திரும்பி வந்து கரிபிடித்த சுவர்களைக் கண்டவர் அவர். அத்தகையோர்க்கு வெளியேறுதல் என்பது வெறும் இடமாற்றமன்று. இதை உணர்ந்த மருமகள், இரண்டு தெரு தள்ளி ஓர் அனெக்ஸ் எடுத்து, வீட்டின் திறப்புகளில் ஒன்றை மாமியாரிடமே கொடுத்தார். நாள்தோறும் மாலையில் அவரை அழைத்து வந்து, அன்று நடந்த வேலையைக் காட்டினார். மூன்றாம் நாளிலிருந்து மேற்பார்வை அந்த மூதாட்டியினுடையதாயிற்று! முதியோரை வாதத்தால் வெல்ல முயல்வதிலும், திரும்பிவருதல் உறுதி என்பதை அவர்களுக்குக் கண்முன் காட்டுதல் சிறந்தது.

மாணவர் பற்றி ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். வீடு திருத்தும் ஆண்டில் பரீட்சை எழுதிய பிள்ளைகளை வகுப்பில் நாம் கண்டிருக்கிறோம். புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. இரவில் உறக்கம் போதாது. பகலில் படிக்கச் சத்தம் விடாது. உயர்தரப் பரீட்சைக்கு ஆறு மாதமே இருக்குமாயின், ஒழுகும் கூரை தவிர எவ்வேலையும் காத்திருக்கலாம். காத்திருக்க முடியாதாயின், அப்பிள்ளைக்கு ஒரு மேசையும் விளக்கும் கதவும் உள்ள அறையொன்றை வேறிடத்திலேனும் தேடிக்கொடுத்த பின்னரே முதற் கல்லைப் பெயர்த்தல் வேண்டும்.

முடிவு செய்தபின்

வீட்டிலேயே இருப்போர், வேலை எல்லையைக் கதவாலோ பலகையாலோ அடைத்து, இடைவெளியைத் தடித்த பொலித்தீனால் மூடுக. மின்சாரத்தை வெட்டும் நாளையும் நீரை நிறுத்தும் நாளையும் முற்கூட்டியே அறிக. தொடர்மாடியில் வாழ்வோர் அயல் வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லி வைத்தல் பண்பாகும். இருப்பதா போவதா என்று தெரிவுசெய்யும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

வெளியேறுவோர், நகைகளையும் உறுதிப்பத்திரங்களையும் வங்கிப் பெட்டகத்தில் வைத்துச் செல்க. வாடகை வீடு வேலைத்தலத்திற்கு நடைதூரத்தில் இருப்பது, குறைந்த வாடகையில் தொலைவில் இருப்பதினும் இலாபம். வாடகை ஒப்பந்தத்தை ஒப்பந்தகாரர் சொல்லும் காலத்தினும் ஒன்றிரண்டு மாதம் கூட்டி எழுதுக. மீண்டும் பால் காய்ச்சிக் குடிபுகும் நாளை, நீரும் வெளிச்சமும் வந்தபின் குறிக்க. நாளை முதலிற் குறித்துவிட்டு, பூச்சுக் காயாத வீட்டுக்குள் குழந்தைகளோடு புகுந்து இடருறுவோர் பலர்.

இவை அனைத்தையும் குடும்பத்தார் யாவரும், முதியோரும் பிள்ளைகளும் உட்பட, ஒரு மாலை ஒன்றாக அமர்ந்து பேசுக. கூரை, நீர், அடுப்பு, மலசலகூடம் நான்கும் வேலையிலிருந்து பிரிந்து நிற்குமாயின் அச்சமின்றி வீட்டிலேயே இருக்கலாம். பிரிந்து நில்லாவிடின் பாலாலயம் தேடிச் செல்வதில் குறைவேதுமில்லை. ஆண்டவனே அவ்வாறு செல்கின்றானன்றோ!