சோறு ஆறுகிறது, ஆட்டம் முடியவில்லை!

“டேய், சாப்பிட வா!” “இரும்மா, கேம் முடியட்டும்!”

சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும், இரவு நேரத்தில் நம் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. அம்மாவுக்கு அது திமிராகத் தெரிகிறது. பிள்ளைக்கோ அது இக்கட்டு.

நம் பிள்ளைகள் விரும்பி ஆடும் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ 2016இல் வந்தது. ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. ஒருவன் எழுந்து போனால் மற்ற நால்வரும் ஆள் குறைவோடு மோத வேண்டும். போனவனுக்குப் புள்ளி குறையும். அன்று தோட்டத்துத் திடலில் பந்து விளையாடியபோது, அம்மா கூப்பிட்டால் ஒருவன் போவான், இன்னொருவன் உள்ளே வருவான். இங்கே மாற்று ஆள் கிடையாது.

சுற்று முடிந்தாலும் விடுதலை இல்லை. தோற்றால் போன நட்சத்திரத்தை மீட்க வேண்டும். பருவம் மாறினால் ஏறிய படிகளில் சில இறங்கிவிடும். முடிவே இல்லாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே, நம் வீட்டுச் சண்டையில் பாதி பிள்ளையின் குணத்தால் வருவதன்று. ஆட்டத்தின் அமைப்பால் வருவது.

வேறு மாதிரியும் விளையாட்டு செய்யலாம் என்று காட்டியவர்கள் தமிழர்களே. கனடாவின் டொராண்டோவில் உள்ள ‘விசை கேம்ஸ்’ 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறிய வெண்பாவும் கணவரும் மகன் கவினை வளர்க்கும் கதை இது. சண்டையும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்து போயிருக்கின்றன. விட்டுப்போன பக்குவத்தை ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதுகூட ஒரு புதிர்தான்! கவின் வளர வளரத் தமிழிலிருந்து விலகுகிறான். இரண்டு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். மனத்தில் மட்டும் நெடுநாள் நிற்கும். 2024இல் இதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

கவினின் கதை நமக்கும் தூரமில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தோம். பாட்டியின் கைப்பக்குவம் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. குடும்பப் புலனக் குழுவில் காலை வணக்கப் படங்கள் குவிகின்றன. பாட்டி மீன் குழம்புக்குப் புளி கரைக்கும் அளவு அதில் இல்லை.

இனி, “போனை வை!” என்பதற்கு முன், “இந்தச் சுற்று முடிய எத்தனை நிமிடம்?” என்று கேளுங்கள். அதற்கேற்பச் சோறு போடுங்கள். தம்பி, தங்கைகளே, சுற்று முடிந்ததும் எழுந்து வருவது உங்கள் பொறுப்பு. வரும்போது அதே போனில் பாட்டியின் குரலைப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு இந்த மண்ணின் கதையை விளையாட்டாக்கப் போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். அவருக்கு அந்தக் குறிப்பேடு தேவைப்படும்.